கோடை மழைக்கு மறுநாள் ஏரி மீன்கள் சாவது விஷத்தாலா?

கேள்வி கேட்டவர் கிழக்கு பெங்களூரில் ஓர் ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்பில் இருப்பவர். ஏப்ரல் மாதத்தில் ஒரு மாலை முக்கால் மணி நேரம் கோடை மழை கொட்டியிருக்கிறது. மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது கரையோரமெங்கும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தனவாம். மீன் குத்தகைக்காரர், போட்டிக்காரர்கள் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று சொல்கிறார். பகல் பதினொரு மணிக்குத் தண்ணீர் எடுத்துப் பார்த்த அதிகாரிகளோ, ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது, ஆகவே அது காரணமாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மழை ஏரிக்கு நல்லதுதானே, தண்ணீரிலும் ஆக்சிஜன் இருக்கிறது என்கிறார்களே, அப்படியானால் விஷத்தைத் தவிர வேறு எது இருக்க முடியும் என்பது அவருடைய கேள்வி. உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: முற்பகலில் நன்றாக இருக்கும் தண்ணீர் விடியற்காலையில் மீனைக் கொல்லக்கூடியதாக இருந்திருக்க முடியுமா என்பது ஒன்று, மூச்சுத்திணறிச் செத்த மீனையும் விஷத்தால் செத்த மீனையும் எப்படிப் பிரித்தறிவது என்பது மற்றொன்று.

நான் நன்னீர் உயிரியல் படித்துவிட்டு, இதே ஊரில் ஒரு தண்ணீர்ப் பகுப்பாய்வுக் கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். உங்கள் ஏரியை நான் பார்க்கவில்லை. அந்தக் காலையில் எடுத்த மாதிரியும் யாரிடமும் இல்லை. ஆகவே விஷம் கலக்கப்படவே இல்லை என்று நான் சான்றிதழ் எழுதித் தர முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள், அதாவது கோடை, மாலை மழை, விடிவதற்குள் சாவு, பகலில் நல்ல ஆக்சிஜன் ஆகிய நான்கும் ஒருசேர வரும்போது, என்னைப் போன்றவர்கள் முதலில் சந்தேகப்படுவது மூச்சுத்திணறலைத்தான். அதிகாரிகள் சொன்ன பதினொரு மணி அளவு அந்தச் சந்தேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டவே செய்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு அரிதான பொருள் என்பது மனத்தில் பதிய வேண்டும். பெங்களூர்க் காற்று ஒரு லிட்டரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். அதே காற்றோடு உறவாடிக்கொண்டு நிற்கும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில், 25 டிகிரி வெப்பத்தில், ஏழரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கரைந்திருக்கும். கடற்கரை ஊராக இருந்தால் எட்டே கால் மில்லிகிராம் கிடைத்திருக்கும். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஆக்சிஜனும் பத்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் சூடானால் இன்னும் குறையும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளத்துக்கு உகந்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. ஆக, முழுதாக நிரம்பிய நிலைக்கும் மீன் தத்தளிக்கத் தொடங்கும் நிலைக்கும் இடையில் உள்ளது வெறும் மூன்று நான்கு மில்லிகிராம்தான். நமக்குப் பக்கத்தில் காற்று இருந்துகொண்டே இருப்பதால், மீனுக்கும் தலைக்கு மேலேயே காற்று இருக்கிறதே என்று நினைக்கிறோம். ஆனால் ஆக்சிஜன் காற்றுக்குள் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் பரவுவது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவானது. அலையும் காற்றும் கலக்கிக் கொடுத்தாலொழிய, மேல்மட்டத்தில் கரைந்தது மூன்றடி ஆழத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்குள்ள மீனின் கதை முடிந்துவிடும்.

சாக்கடை கலக்கும் ஏரியில் பகலில் பெரும்பாலான ஆக்சிஜனைத் தருவது காற்றல்ல, பாசிதான். சாக்கடையோடு வரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று, கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்பாசிகள் தண்ணீரையே பச்சைப் பட்டாணிச் சாறு போல ஆக்கிவிடுகின்றன. வெயில் அடிக்கும் வரையில் அவை ஆக்சிஜனை உமிழ்ந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட ஏரிகளில் பிற்பகல் மூன்று மணிக்கு லிட்டருக்கு 12, 14 மில்லிகிராம் அளந்திருக்கிறேன். காற்றோடு சமநிலையில் இருக்கக்கூடிய அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏரி மிக ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் சூரியன் மறைந்ததும் அதே பாசி கொடுப்பதை நிறுத்திவிட்டு எடுக்கத் தொடங்குகிறது. பாசியும் மூச்சு விடுகிறது, மீனும் விடுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் ஓயாமல் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இரவு முழுதும் செலவு, வரவு இல்லை. கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும் நேரம் நள்ளிரவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது விடிவதற்குச் சற்று முன்னால், ஐந்தரை மணி வாக்கில். ஏழு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் கணக்கு மறுபடியும் ஏறத் தொடங்கும். பதினொரு மணிக்குப் புட்டியோடு வருபவர், திருடன் போன பிறகு வீட்டைச் சோதிப்பவர்.

இதை நான் கையால் தொட்டு உணர்ந்த ஒரு காலை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு சச்சரவில், ஓர் அலுவலகத்தின் அறிக்கை முற்பகல் அளவைக் காட்டி 6.8 என்று சொல்லியிருந்தது. நம்பிக்கை வராமல், மறுநாள் இருட்டோடு போய் அதே இடத்தில் மாதிரி எடுத்தேன். கரைந்த ஆக்சிஜனை அளக்க இப்போது மின்முனைக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் 1888இல் விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் கண்டுபிடித்த முறையைத்தான் இன்றும் ஒப்பீட்டுக்கு நம்புகிறோம். தேய்த்த கண்ணாடி மூடி போட்ட 300 மில்லிலிட்டர் புட்டியில், ஒரு காற்றுக் குமிழிகூட உள்ளே போகாமல் தண்ணீரை வழிய வழிய நிரப்பி, முதலில் மாங்கனீஸ் சல்பேட்டையும் பிறகு காரம் கலந்த அயோடைடு கரைசலையும் பிப்பெட்டால் ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் சர்க்கரைப் பாகு போல் பழுப்பு நிறத்தில் துகள்கள் திரண்டு மெதுவாக இறங்கும். அன்று டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்தது பால் போன்ற தூய வெள்ளை. வெள்ளை வந்தால் அளக்க வேண்டிய தேவையே இல்லை; உள்ளே ஆக்சிஜன் இல்லை என்று பொருள். என் காலடியில், ஒரு சாண் ஆழத்தில், கட்லாக்கள் வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டி மூடிக்கொண்டிருந்தன. அதே இடத்தில் பத்து மணிக்கு எடுத்த புட்டி பழுப்பாகத்தான் வந்தது.

இனி மழைக்கு வருவோம். மழைத் துளியில் ஆக்சிஜன் நிறையவே இருக்கும் என்று நீங்கள் நினைத்தது சரிதான். மழைநீர் மீனைக் கொல்வதில்லை. மழை செய்வது வேறு சில வேலைகள். ஒன்று, மாலையிலிருந்தே மேகம் கவிந்திருந்தால் பாசி அன்று சேமித்த ஆக்சிஜன் குறைவாக இருக்கும். இரவுக்குள் நுழையும்போதே கையிருப்பு குறைவு. இரண்டு, கோடையில் மேல் தண்ணீர் சூடாகி இலேசாகவும் அடித் தண்ணீர் சற்றே குளிர்ந்து கனமாகவும் இருப்பதால், ஆழம் குறைந்த ஏரியில்கூடப் பகல் வேளையில் இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். அடி அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். குளிர்ந்த மழையும் காற்றும் மேல் தண்ணீரைச் சட்டென்று குளிரவைத்தால் அடுக்கு கலைந்து, கீழே இருந்தது மேலே வந்துவிடும். மழை பெய்த இரவில் சன்னலைத் திறந்தபோது வழக்கத்தைவிடக் கடுமையான நாற்றம் வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மூன்றாவதுதான் நம் ஊரில் பெரும்பாலும் முதன்மையான காரணம் என்பது என் கருத்து: ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கால்வாய்களின் அடியில் படிந்த மலச்சேறு, குப்பை, எண்ணெய் எல்லாவற்றையும் முதல் கனமழை ஒரே மூச்சில் வழித்து ஏரிக்குள் தள்ளுகிறது. அதைச் சிதைக்கத் தொடங்கும் பாக்டீரியா, ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனை ஒரே இரவில் துடைத்துவிடும். ஜூலையில் இதே அளவு மழை பெய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கால்வாய் அதற்குள் கழுவப்பட்டிருக்கும், தண்ணீரும் குளிர்ந்திருக்கும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் மிதந்ததும் இதே கோடைத் தொடக்கத்தில்தான். இந்த மூன்றில் உங்கள் ஏரியில் எது எவ்வளவு பங்கு வகித்தது என்பதை, அந்த இரவின் அளவுகள் இல்லாமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பெங்களூரில் ஏரிகளைப் பற்றிப் பேசுபவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது இது. நம் ஏரிகள் இயற்கையாக உண்டானவை அல்ல. கரை எடுத்து, மதகு வைத்து, ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும்படி வெட்டிய பாசன ஏரிகள். தமிழ்நாட்டுக் கண்மாய்களைப் போலவே இவற்றில் பலவும் முன்பெல்லாம் கோடையில் வற்றும். வற்றிய படுகை வெடித்து, சேறு காற்றுப் பட்டுக் காய்ந்து, உழவர்கள் அந்த வண்டலை வண்டியில் அள்ளி வயலுக்குக் கொண்டு போவார்கள். சேற்றின் ஆக்சிஜன் பசி ஆண்டுக்கு ஒரு முறை அப்படித் தணிந்தது. இன்றோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரித் தண்ணீரை மேலேற்றிக் குடித்து, குளித்து, அதன் பெரும்பகுதியைக் கழிவு நீராக இறக்குகிறோம். அது ஏரிக்கு வருவதால் ஏரி வற்றுவதே இல்லை. அடியில் கறுப்புச் சேறு ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போகிறது. அதிலும் ஒன்றையொன்று வளர்க்கும் ஒரு தீய சுழற்சி உண்டு. சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ், ஆக்சிஜன் இல்லாதபோது விடுபட்டுத் தண்ணீருக்குள் வருகிறது. அதைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி செத்து அடியில் விழுந்து இன்னும் ஆக்சிஜனைத் தின்கிறது. கோடையிலும் ததும்பி நிற்கும் ஏரியைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். எனக்கு அது கவலையையே தருகிறது.

சரி, விஷத்தை எப்படி அறிவது? விஷம் கலப்பது நடக்காத காரியம் என்று நான் சொல்லவில்லை. காக்காய்க்கொல்லி விதையை இடித்துப் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம்; இன்று அதன் இடத்தில் பிளீச்சிங் பவுடரும் பூச்சிமருந்தும் வந்துவிட்டன. ஆனால் விஷத்துக்கு நேரம் காலம் தெரியாது. பகல் இரண்டு மணிக்கும் மீன் சாகும். மூச்சுத்திணறல் விடியலை ஒட்டி வரும். விஷம் பெரும்பாலும் குஞ்சுகளையும் தண்ணீர்ப் பூச்சிகளையும் முதலில் வாரிக்கொண்டு போகும். ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் பெரிய மீன்களே முதலில் விழும், குஞ்சுகள் மேல்மட்டத்தின் மெல்லிய படலத்தை உறிஞ்சிக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எல்லாவற்றிலும் நான் நம்பும் அடையாளம் எந்த வகை மீன் செத்தது என்பதே. விரால், தேளி போன்றவற்றுக்குச் செவுளைத் தவிரக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. தடை செய்யப்பட்டும் நம் ஏரிகளில் திரியும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் உண்டு. ஜிலேபிக்கு அப்படி உறுப்பு இல்லையென்றாலும் அது மிகவும் முரடு. கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் மட்டும் குவியலாகக் கிடந்து, கெளுத்தி பக்கத்தில் நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தால் மூச்சுத்திணறல் என்றே சொல்வேன். விராலும் கெளுத்தியும் தவளையும்கூடச் செத்துக் கிடந்தால், அப்போது குத்தகைக்காரரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பேன். நீங்கள் அனுப்பிய படத்தில் பெரிய செதில் மீன்கள் தெரிகின்றன. ஆனால் கரையில் ஒதுங்கியதை மட்டுமே படம் காட்டுகிறது என்பதால் அதை வைத்து முடிவு கட்ட மாட்டேன்.

செவுளைத் தூக்கிப் பார்ப்பதும் பயன் தரும், ஆனால் உயிர் ஊசலாடும் மீனில் மட்டும். சாக்லேட் போன்ற பழுப்பு நிறத்தில் இரத்தம் தெரிந்தால், நைட்ரைட்டு இரத்தத்தோடு சேர்ந்து அதன் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். செத்து இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்த மீனின் செவுள் எதையும் சொல்லாது. எல்லாமே வெளிறித்தான் போயிருக்கும்.

அம்மோனியாவை ஒதுக்கிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாக்கடைத் தண்ணீரில் அது எப்போதும் உண்டு. அது அயனியாக மாறியது, மாறாதது என்று இரண்டு வடிவங்களில் இருக்கும். அயனியாகாத அம்மோனியாதான் மீனுக்கு நஞ்சு. 25 டிகிரியில், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் எண் 7ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட அந்த வடிவத்தில் இருக்காது; பிஎச் 8இல் ஐந்து சதவீதம்; பிஎச் 9இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பாசி கொழுத்த ஏரியில் பிற்பகலில் பிஎச் ஒன்பதைத் தொடுவது சாதாரணம். ஆகவே அம்மோனியாவால் சாவு நேர்ந்தால் அது பிற்பகலிலும் மாலையிலும் நேர்வதற்கே வாய்ப்பு அதிகம். இரவில் பிஎச் இறங்கிவிடுவதால், உங்கள் ஏரியில் அது நேரடிக் கொலையாளி அல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் பல வாரங்களாகச் செவுளை அரித்துப் பலவீனப்படுத்தி வைத்திருக்கக்கூடும்.

செத்து மிதந்த மீனை எந்தக் காரணத்தாலும் சமையலுக்கு எடுக்காதீர்கள், விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூச்சுத்திணறித்தானே செத்தது என்ற வாதம் சரிப்படாது; எப்போது செத்தது, அதற்குள் என்னென்ன வளர்ந்திருக்கிறது என்பது தெரியாது. உயிரோடு பிடித்த மீனில் கன உலோகங்கள் உண்டா என்பது ஆய்வகத்தில் மட்டுமே தெரியும். வாசனையும் நிறமும் காட்டிக்கொடுக்காது. கரையோரத்தில் பச்சை பெயிண்டை ஊற்றியது போல் ஏடு படிந்திருந்தால் நாய்களையும் மாடுகளையும் அங்கே தண்ணீர் குடிக்க விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசிகளில் சில கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரப்பவை. எல்லாப் பச்சையும் நஞ்சல்ல, ஆனால் கண்ணால் பிரிக்க முடியாது.

உடனே செய்ய வேண்டியது, செத்த மீன்களை அன்றைக்கே அள்ளிவிடுவது. அவை அழுகினால் அடுத்த இரவின் ஆக்சிஜனையும் அவையே தின்றுவிடும். உங்கள் குடியிருப்பில் சிலர் சுண்ணாம்பையும் ஏதோ நுண்ணுயிர்க் கரைசலையும் கொட்டலாம் என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்பு பிஎச்சை ஏற்றி மேலே சொன்ன அம்மோனியாவை நஞ்சாக்கும்; வேண்டவே வேண்டாம். கரைசல்களால் பலன் உண்டு என்பதற்கு, கழிவு நீர் வந்துகொண்டே இருக்கும் திறந்த ஏரியில், என்னை நம்பவைக்கும் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. நீரூற்று வைப்பது அதைச் சுற்றியுள்ள சிறு பகுதியில் மீன்களுக்குப் புகலிடம் தரும். ஆனால் மாலை ஆறு முதல் ஒன்பது வரை விளக்குப் போட்டுக் காட்டிவிட்டு அணைத்துவிடுவதால் ஒரு பயனும் இல்லை. அது ஓட வேண்டிய நேரம் நள்ளிரவிலிருந்து காலை ஏழு மணி வரை. மார்ச் மாதத்திலேயே ராஜகாலுவேயைத் தூர் வாரி, முதல் மழையின் கறுப்புத் தண்ணீரை மட்டுமாவது ஏரிக்கு வெளியே திருப்பிவிட வழி இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் இந்தச் சாவில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். சுத்திகரித்த நீரையே விட்டாலும் அதில் பாஸ்பரஸ் மிஞ்சியிருக்கும் என்பதால், ஜக்கூர் ஏரியில் செய்திருப்பது போல் கோரையும் சம்பும் வளர்ந்த ஓர் ஈரநிலத்தின் வழியாக அதை நடத்தி உள்ளே விடுவது நல்லது. பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகப் போகும் நீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, இங்கே விடுவது எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷமா இல்லையா என்ற வழக்கு இந்த முறை தீராது, சான்று அழுகிவிட்டது. அடுத்த முறை தீர வேண்டுமானால், ஜூன் வரை ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, கால்வாய் நுழையும் இடத்தில் ஒன்றும் உபரி நீர் வெளியேறும் கலிங்குக்குப் பக்கத்தில் ஒன்றுமாக மாதிரி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மீன் தொட்டி விற்கும் கடைகளில் கிடைக்கும் ஆக்சிஜன் சோதனைப் பெட்டிகளே முதல் கட்டத்துக்குப் போதும். சாதாரணத் தண்ணீர்ப் புட்டியில் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். போகும் வழியில் காற்று கலந்தோ பாக்டீரியா தின்றோ அளவு மாறிவிடும். கரையிலேயே சோதித்து, எண்ணோடு நேரத்தையும் எழுதி வையுங்கள். நேரம் இல்லாத எண்ணை நான் ஏற்க மாட்டேன். தத்தளிக்கும் மீன் இரண்டை எடுத்து, தனித்தனிப் பையில் போட்டுப் பனிக்கட்டியில் வைத்து, அன்றே ஆய்வகத்தில் கொடுத்தால் பூச்சிமருந்து இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்துவிடும் என்பதால், பனிக்கட்டி மட்டும், ஃப்ரீசர் வேண்டாம்.